பல வரிகளில் நீளும் குறிமுறையைத் தேடுவது எப்படி

கோப்புகளுக்குள் உரையைத் தேடும் கட்டளைவரிக் கருவியான ரிப்கிரெப் இயல்பாக ஒவ்வொரு வரியாகவே தேடுவதால், நான்கைந்து வரிகளுக்கு நீளும் ஃபங்ஷன் அழைப்பு அதற்கு முழுதாக அகப்படாது. முதலில், பொருத்தம் பல வரிகளுக்கு நீள இடம்தரும் மல்டிலைன் தேர்வை இயக்க வேண்டும். அதன் பிறகும், தேடல் வடிவத்தில் எந்த எழுத்துக்கும் பொருந்தும் புள்ளிக்குறி வரிமுடிவைத் தாண்டாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாண்ட வைக்க டாட்ஆல் என்னும் தனித் தேர்வு உண்டு, ஆனால் அதனுடன் .*\) என்று எழுதினால், பொருத்தம் கோப்பின் கடைசி மூடும் அடைப்புக்குறி வரை ஓடிவிடும்.

ஆகவே ஃபங்ஷன் பெயரை அடுத்து \([^)]*\) என்று எழுதுவதே நல்லது, மூடும் அடைப்புக்குறி தவிர்ந்த எதையும், வரிமுடிவு உட்பட, அது ஏற்றுக்கொள்வதால் டாட்ஆல் தேவைப்படாது. அழைப்புக்குள் இன்னொரு அழைப்பு இருந்தால் மட்டும் பொருத்தம் பாதியிலேயே முடிந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அடைப்புகளை ரிப்கிரெப்பின் இயல்பான எஞ்சினால் எண்ண முடியாது என்பதால், அங்கே அவற்றைக் கையாளக்கூடிய பிசிஆர்இ2 என்னும் மாற்றுத் தேடல் எஞ்சினுக்கு மாறிக்கொள்ளலாம்.