பாடசாலைக்குப் போகும் சிறுவர் இலக்கிய எழுத்தாளருக்குச் சில விஷயங்கள்

திருகோணமலைப் பக்கத்து ஆரம்பப் பாடசாலைகளுக்குக் கதை சொல்லவும் எழுத வைக்கவும் போய்வருகிறேன். புதிதாகப் போகிற எழுத்தாளர்கள் "என்ன பேசலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குறைவாகப் பேசுங்கள். பிள்ளைகள் எழுத வேண்டும், அதற்குத்தான் போகிறீர்கள்.

அதிபரோடு கதைத்து நாளைக் குறிக்கும்போதே தரம் 4ஐக் கேளுங்கள். தரம் 5 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை தலைக்கு மேல் நிற்கும். தரம் 1, 2 என்றால் படம் கீறச் சொல்லி, கதையை வாயால் சொல்ல வையுங்கள். நவம்பர் வேண்டாம், மாரி மழை தகரக் கூரையில் கொட்டினால் முன்வரிசைக்கே உங்கள் குரல் கேட்காது. மண்டபத்தில் முழுப் பாடசாலையையும் கூட்டித் தருகிறோம் என்பார்கள். ஒரு வகுப்பு போதும் என்று பணிவாகச் சொல்லுங்கள். மாலை, வரவேற்புரை எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

உங்கள் கதை ஒன்றைப் பத்து நிமிடத்துக்குள் வாசியுங்கள். முடிவுக்கு முன் நிறுத்தி, "பிறகு என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். வகுப்பு சத்தம் போடும். போடட்டும்.

அடுத்தது தலைப்பு. இதில்தான் எல்லாம் இருக்கிறது. 'பசு' என்று கொடுத்தால், "பசு ஒரு வீட்டு மிருகம், அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்று பாடமாக்கிய கட்டுரை வரும். பிள்ளை கண்ணால் கண்டதைக் கேளுங்கள். திருகோணமலை நகரப் பிள்ளைகளுக்குத் தெருவில் திரியும் புள்ளிமான்கள் இருக்கின்றன: மான் உங்கள் வாசலில் எதைத் தின்றது, யார் துரத்தினார்கள்? கன்னியா வெந்நீரூற்றுக்குப் போன பிள்ளைகளிடம், அங்கே இருக்கிற ஏழு கிணறுகளும் 'நான்தான் அதிகம் சுடுவேன்' என்று சண்டை பிடித்தால் என்ன பேசும் என்று கேளுங்கள். அங்கே சூடு கிணற்றுக்குக் கிணறு வேறுபடும் என்பதால் சண்டைக்கு நியாயமும் உண்டு!

உப்புவெளியில் ஒரு பையன், "கரைவலை இழுத்தார்கள். நிறைய மீன் பட்டது. சந்தோஷமாக இருந்தது" என்று எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டான். பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, "மடி கரைக்கு வரேக்க முதல்ல என்னடா கண்டனி?" என்று கேட்டேன். மடி என்றால் வலையில் மீன் சேரும் பை. யோசித்து, "காகம்" என்றான். அதை எழுதச் சொன்னேன். "மடி வர முன்னமே காகம் வந்துட்டுது. அப்பா மண் எறிந்தார். அது ஒரு சூடை மீனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வள்ளத்தில் இருந்து தின்றது. அப்பா பிறகு சிரித்தார்." அந்தப் பக்கத்து வள்ளத்தை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பது. முன்னால் நின்றுகொண்டு கேட்டால் வராது.

சிவப்புப் பேனாவைக் கொண்டுபோகவே வேண்டாம். ரகர றகரம், லகர ளகரம் எல்லாம் வகுப்பாசிரியர் பிறகு பார்த்துக்கொள்வார். கிண்ணியாவில், மூதூரில் பிள்ளை 'உம்மா', 'வாப்பா' என்று எழுதினால் அப்படியே இருக்கட்டும். எழுத வராத பிள்ளை இருந்தால், அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அதன் பெயரைக் கீழே போடுங்கள். ஆசிரியரையும் ஒரு கொப்பியோடு பின்வாங்கில் இருந்து எழுதச் சொல்லுங்கள். ரீச்சரும் எழுதுகிறா என்று கண்டதும் வகுப்பே மாறும்.

முதலாம், இரண்டாம் பரிசு கொடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பரிசு கிடைக்காத பிள்ளை அடுத்த முறை பரிசு வாங்கிய பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதும்.

எழுதியவை எல்லாவற்றையும் சுவர்ப் பத்திரிகையாக ஒட்டிவிடலாம். பிள்ளையின் உயரத்துக்கு ஒட்டுங்கள். உங்கள் புத்தகத்தில் ஒரு பிரதியை வகுப்பு அலுமாரியில் வைத்துவிட்டு, ஆசிரியரிடம் முகவரியையும் கொடுத்து வாருங்கள். கடிதங்கள் வந்தால் வகுப்புக்குப் பொதுவாக ஒன்று போடாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி, அது எழுதியதில் ஒரு வரியைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள்.