கடலடி மின்னாக்கக் குழல்: நீரின் வேகத்தில் நேரும் தவறுகள்

நீரோட்டத்தின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கடக்கும் கடல்நீர், வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சுமார் 4 கிலோவாட் கொண்டுபோகிறது, 2.5 மீட்டரானால் 8 கிலோவாட். இந்தக் கணக்கைப் பார்த்ததும், கடலடி நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் டர்பைனைச் சுற்றி ஒரு குழலை மாட்டி நடுவைக் குறுக்கினால் போதும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான்.

தோட்டக் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் நீர் சீறும். அங்கே அதற்கு வேறு வழியில்லை. கடலில் வழிக்கா பஞ்சம்? குழலுக்குள் தடை கூடக் கூட, நீர் வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போய்விடும். வேகத்தைக் கூட்டுவதில் பெரும்பங்கு குழலின் பின்பகுதிக்கே. அது மெல்ல விரிந்தால் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, கூடுதல் நீர் உள்ளே இழுக்கப்படும். குழல் நீண்டுவிடுமே என்று அஞ்சி அதைச் சட்டென அகல விரித்தால், நீர் சுவரை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும், இழுவையும் போய்விடும். சாதாரணக் கூம்புக் குழாய்களில் மொத்த விரிகோணம் 7 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது.

மிக அதிகம் ஏமாற்றுவது வேறொன்று: டர்பைன் இல்லாத வெறுங்குழலில் வேகத்தை அளந்து, அதையே மும்மடிப்படி பெருக்கி மின்சாரத்தைக் கணக்கிடுவது. டர்பைன் ஆற்றலை எடுக்கத் தொடங்கியதுமே உள்ளே நீர் மந்தமாகும். சுமையேற்றிய டர்பைனின் முன்னும் பின்னும் அளந்த வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே நம்புங்கள். குழலில்லாத டர்பைன், தன் பரப்பைக் கடக்கும் ஓட்டத்தின் ஆற்றலில் அதிகபட்சம் எடுக்கக்கூடியதாக ஆல்பர்ட் பெட்ஸ் கணித்த 59.3 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று யாராவது சொன்னால், எந்தப் பரப்பால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். இறக்கைகள் சுழலும் பரப்பை மட்டும் எடுத்தால் அப்படி வரலாம். குழலின் அகன்ற வெளிவாயால் வகுத்தால் அந்தப் பெருமை பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஓட்டம் மிகும்போது முன்வாயில் மதகு வைத்து அடைப்பதும் வேண்டாம். பாதி மூடிய மதகுக்குப் பின்னே எழும் கொந்தளிப்பு இறக்கைகளை அதிரவைக்கும். ஜெனரேட்டரின் சுமையை மாற்றியோ இறக்கைக் கோணத்தைத் திருப்பியோ கட்டுப்படுத்தலாம். மின்தொடர்பு அறுந்தால் சுமை நீங்கி டர்பைன் தறிகெட்டுச் சுழலும். அதற்குத் தனியாக பிரேக் இருந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, கடலில் கிடக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓட்டுயிரியான கொட்டலசு. உட்சுவரில் அது படர்ந்தால் வழவழப்பு போய் உராய்வு கூடும், குழலின் குறுகிய நடுப்பகுதி இன்னும் குறுகும். குழலைத் திறந்து சுரண்டுவதற்கான வழியை வரைபடத்திலேயே வைத்துவிடுங்கள்; கடலில் இறக்கிய பிறகு யோசித்தால் செலவு பல மடங்கு.