ஸ்லைடிங் கதவைத் தூக்கிக் கழற்ற முடியாமல் செய்வது எப்படி?

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போய்விட்டு மத்தியானம் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள வீட்டுக்குத் திரும்பினால், மாடி பால்கனிக் கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, கொக்கி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. கார் நிறுத்தும் இடத்துக் கூரை மேல் ஏறி வந்தவன், கதவை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். அம்மாவின் இரண்டு வளையல், மகளின் உண்டியல், இரண்டும் போயின. கீழே எல்லா இடத்திலும் கிரில் போட்ட நான், 'மாடிக்கு எவன் ஏறப்போகிறான்' என்று விட்டிருந்தேன்.

கேமரா வாங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாங்கலாம், ஆனால் அது அப்புறம். முதலில் கதவு. அதற்குப் பெரிய செலவில்லை.

1. தூக்கிப் பாருங்கள்

கதவைப் பூட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். கீழ்ச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பினால் உங்கள் வீடும் என் வீடு மாதிரிதான். அலுமினியக் கதவை மாட்டுபவர் முதலில் சட்டத்தின் மேல் பள்ளத்துக்குள் செருகி, பிறகுதான் கீழே இறக்குவார். அதற்காக மேலே விட்ட இடைவெளி அப்படியே இருந்துவிடுகிறது. மாட்டிய வழியிலேயே கழற்றவும் முடியும்.

2. முதலில் சக்கரம், பிறகுதான் ஸ்குரூ

நான் சறுக்கியது இங்கேதான். கதவு எழும்பாதபடி அந்த இடைவெளியை அடைக்க, ஆத்திரத்தில் அன்றைக்கே மேலே ஸ்குரூ அடித்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, கதவு இழுக்கக் கடினமாக இருக்கிறதே என்று தேய்ந்த சக்கரத்தை மாற்றினேன். கதவு சில மில்லிமீட்டர் உயர்ந்து ஸ்குரூவில் போய் இடித்துக்கொண்டது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. மழை வேறு. பாதி திறந்த கதவோடு ஒரு ராத்திரி காவல் காத்தேன்.

ஆகவே முதலில் தண்டவாளத்துத் தூசியை எடுங்கள். கதவின் பக்கவாட்டில், அடியில், சிறு துளைக்குள் ஒரு ஸ்குரூ தெரியும். அதைத் திருப்பினால் சக்கரம் ஏறி இறங்கும். கதவு ஒரு விரலால் தள்ள ஓடும்வரை சரிசெய்யுங்கள். சக்கரம் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

3. மேல் பள்ளத்தில் மூன்று ஸ்குரூ

மூடிய கதவு நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, இரண்டு ஓரத்திலும் நடுவிலும் மூன்று குறி போடுங்கள். கதவை ஒதுக்கிவிட்டு, 3 மி.மீ. பிட்டால் அலுமினியத்தில் துளையிடுங்கள். சிமெண்டில் முட்டினால் அழுத்தாதீர்கள், சுவர் பிட்டுக்கு மாறுங்கள். முக்கால் அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவை முழுதாக முடுக்காமல், தலை தொங்கும்படி விடுங்கள்.

எவ்வளவு தொங்க வேண்டும்? காலாவதியான இரண்டு வங்கி அட்டைகளை ஒன்றாகப் பிடியுங்கள். ஸ்குரூ தலைக்கும் கதவுக்கும் நடுவில் அவை உரசிக்கொண்டு நுழைந்தால் அளவு சரி. கதவு ஓடும், தூக்கினால் எழும்பாது. இரண்டு கதவும் ஓடுகிற அமைப்பென்றால் இரண்டுக்கும் செய்யுங்கள்.

கீழ்த் தண்டவாளத்தில் துடைப்பக் கட்டையை அறுத்துப் போடுவதும் நல்லதுதான். ஆனால் அது கதவு நகர்வதைத் தடுக்கும், தூக்குவதைத் தடுக்காது.

4. கிரில் பூட்டு

கடையில் மங்கா என்று கேளுங்கள். மலாயில் மாம்பழத்துக்கும் பூட்டுக்கும் அதே பெயர்தான், ஹார்ட்வேர் கடையில் பழம் தரமாட்டார்கள். வளையம் நீளமாக வெளியே தெரியும் பூட்டு வேண்டாம், இரும்பை வெட்டும் போல்ட் கட்டரின் வாய் அதில் சுலபமாக நுழையும். வளையத்தின் இரு பக்கமும் உடம்பு உயர்ந்து மூடியிருப்பதை வாங்குங்கள். நம்பர் பூட்டை நான் சைக்கிளுக்குக்கூடப் போடமாட்டேன்.

சாவியைக் கதவோரம் ஆணியில் மாட்டாதீர்கள். கிரில் வழியாகக் குச்சியை விட்டு எடுத்துவிடுவார்கள்.

பின்சேர்க்கை

சாவியை மாடி அலமாரியில் வையுங்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அக்கா நன்றாகத் திட்டினார்: "தீப்பிடித்தால் அலமாரியைத் தேடிக்கொண்டிருப்பீர்களா, தம்பி?" அவர் சொன்னது சரி. இப்போது எங்கள் வீட்டில் எல்லாக் கிரிலுக்கும் ஒரே சாவிதான். அப்படிச் செட்டாகவே பூட்டு கிடைக்கிறது. கிரிலிலிருந்து குச்சி எட்டாத சுவரில், அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு போய் எடுக்கச் சொல்லி மகளையும் பழக்கியாயிற்று.

வாடகை வீடு, துளையிடக்கூடாது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மேல் பள்ளத்தின் அகலத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டி, இரு பக்கமும் ஒட்டும் டேப்பால் பள்ளத்தின் உட்கூரையில் ஒட்டுங்கள். அதே இரண்டு அட்டை அளவுதான். வெயிலில் டேப் இளகும், மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.