பிடிச்ச கவிஞர்கிட்ட நன்றி சொல்றது எப்படி (நான் சொதப்பினதுல இருந்து)

போன தடவை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல புத்தகக் காட்சி, ஸ்டால்ல எனக்கு ரொம்ப பிடிச்ச கவிஞர் உக்காந்திருந்தாங்க, பத்து வருஷமா அவங்க கவிதையோட திரியறவன் நான், நேர்ல பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு, கடைசில என்ன கேட்டேன் தெரியுமா, "மேடம், ஜிபே ஸ்கேனர் எங்க இருக்கு?" அவங்களும் பாவம், கை காட்டினாங்க. பத்து பர்சன்ட் தள்ளுபடில புக்கை வாங்கிட்டு வந்துட்டேன்.

அதனால, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கவிதையை முடிவு பண்ணிக்கோங்க. "உங்க எழுத்து சூப்பர் மேடம்"னு ஆயிரம் பேர் சொல்லியிருப்பாங்க. எந்த வரி, அதை எங்க வச்சு படிச்சீங்க, அதைச் சொல்லுங்க. எனக்கு அது தாம்பரம் போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல, சைதாப்பேட்டை தாண்டி சிக்னலுக்கு நின்னப்போ, நாலே வரி, கிண்டில இறங்க வேண்டியவன் பல்லாவரம் போயிட்டேன். இதைச் சொல்லியிருந்தா போதும்!

கையெழுத்து வாங்கறப்போ முதல் பக்கத்தை நீட்டாதீங்க, அந்தக் கவிதை இருக்கற பக்கத்தை விரிச்சு நீட்டுங்க. "ஏன் இது?"ன்னு அவங்களே கேப்பாங்க, பேச்சு தானா வந்துடும். சனி ஞாயிறு கூட்டத்துல இதெல்லாம் நடக்காது, வார நாள் மத்தியானமா போங்க. செல்ஃபி கடைசில, கேட்டுட்டு. வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப்ல படிச்சேன்னு மட்டும் வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க. உங்க சொந்தக் கவிதை நோட்டையும் வீட்லயே வச்சிட்டு போங்க, அது நன்றி இல்ல, வேலை குடுக்கறது.

என்னை மாதிரி நேர்ல பேச வராதவங்களுக்கு போஸ்ட் கார்டு தான். அம்பது பைசா, போஸ்ட் ஆபீஸ்ல கிடைக்கும். கவிஞர் வீட்டு அட்ரஸைத் தேடி அலையாதீங்க, அது நல்லாவும் இருக்காது. புக்கோட உள்பக்கத்துல பதிப்பகம் அட்ரஸ் இருக்கும், கவிஞர் பேரைப் போட்டு, கீழ "மேற்பார்வை"ன்னு (அதாவது c/o) எழுதி பதிப்பகத்துக்கு அனுப்புங்க. கார்டுல இருக்கற கொஞ்ச இடத்துல புகழ்ச்சிக்கு வழியில்ல, அதுவும் நல்லது தான். பதில் வேணும்னு எழுதாதீங்க. நான் அந்த பல்லாவரம் கதையை எழுதிப் போட்டேன், கீழ "ஸ்கேனர் கேட்டவன் நான்தான்"னும் எழுதினேன். போஸ்ட்மேனும் படிச்சிருப்பாரு, படிக்கட்டும்.