பேஸைக் கிட்டாராக நினைக்காதீர்கள்: வாங்குவதிலும் பராமரிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழுவில் பேஸ் வாசிக்க ஆளில்லை என்பதற்காகவே கிட்டாரை விட்டு பேஸுக்கு வந்தவர்கள் நம் ஊர்த் தேவாலயங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. நல்ல பேஸ் கலைஞர்கள் பலர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் கிட்டாரில் ஊறிய பழக்கங்களும் அவர்களோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. பணம் வீணாவதும் கருவி கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பேஸ் கிட்டாரிலிருந்து, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸுக்குப் போகிறவர்களும் இதே தவறை இன்னொரு முறை செய்கிறார்கள்.

கிட்டாரின் தடித்த ஈ கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸின் ஈ கம்பி அதில் பாதி, ஏறத்தாழ 41 முறை. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31-க்கு இறங்கிவிடும். ஆம்ப், ஸ்பீக்கர், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி), கம்பி என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கீழ்ப்பகுதியை அது தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி.

கடையில் இருக்கும் சின்ன ஆம்பில் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது வழக்கமான தவறு. அதில் 41 ஹெர்ட்ஸ் வெளியே வரவே வராது. மேல்சுரங்களை மட்டும் கேட்டு, மீதியை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. எந்த பேஸும் ஒரே மாதிரி ஒலிப்பதாகத் தோன்றும், கடைசியில் நிறத்தைப் பார்த்து வாங்குவோம். முடிந்தால் நல்ல ஹெட்ஃபோனை எடுத்துப் போங்கள். அதற்கும் முன்னால் ஆம்பில் இணைக்காமலே வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) சுரம் ஒரே நீளத்துக்கு நிற்கிறதா, எங்காவது சட்டென்று செத்துவிடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஜி கம்பியின் 5 முதல் 7 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் இப்படி ஒரு செத்த இடம் இருப்பது பல பேஸ்களில் சகஜம். வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் அதிரும் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. சிறிய கை உள்ளவர்களும் பிள்ளைகளும் அந்த அளவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 30 அங்குலக் குட்டை பேஸ் விளையாட்டுப் பொருள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பால் மெக்கார்ட்னி வயலின் வடிவ ஹாஃப்னரில் வாசித்தது அந்தக் குட்டை அளவில்தான். ஆனால் 34 அங்குலத்துக்கான கம்பியை வாங்கி அதில் வெட்டிப் போடக் கூடாது. தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்ற வேண்டிவரும், உள்ளிழை முறிந்துவிடும்.

ஐந்து கம்பி பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஒரு கம்பி கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக மலிவான ஐந்து கம்பி பேஸை வாங்காதீர்கள். அந்த பி கம்பிதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். கழுத்து போதிய விறைப்பாக இல்லையென்றால் அது தொளதொளவென்று ஆடும், சுருதி எதுவென்றே காதுக்குப் பிடிபடாது. அதே விலையில் நல்ல நான்கு கம்பி பேஸ் கிடைக்கும்.

வாங்கிய அன்றே செட்டப்புக்கு, அதாவது கழுத்தையும் கம்பிகளையும் சரிசெய்வதற்கு, ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த பேஸ் எங்கோ ஓர் ஊரின் தட்பவெப்பத்தில் சரிசெய்யப்பட்டது. சென்னையின் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் அதன் கழுத்து அப்படியே நிற்காது. இங்கே அதிகம் நடக்கும் பிழை, கம்பி உயரமாக இருக்கிறது என்று, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகுவது. ட்ரஸ் ராடின் வேலை கழுத்தின் வளைவைச் சரிசெய்வது மட்டுமே. கம்பியின் உயரத்தைக் குறைக்க, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சேடில் திருகுகள் இருக்கின்றன. முதல் ஃப்ரெட்டில் ஒரு கையால் அழுத்துங்கள். உடலோடு கழுத்து சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையால் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டின் மேல், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மி.மீ. அளவு இடைவெளி இருக்க வேண்டும். கனமான விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழைந்தால் போதும். இடைவெளி கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று இறுக்குங்கள், அன்று அதோடு நிறுத்துங்கள். மரம் மறுநாள்தான் முழுமையாக நகர்ந்து முடிக்கும். கைக்கு எதிர்ப்புக் காட்டினால் திருகவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். வளைவு சரியான பிறகு உயரம், உயரம் சரியான பிறகு இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) என்ற வரிசையை மாற்றினால் மூன்றையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

கம்பி விஷயத்தில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரை எல்லோரும் இழுப்பார்கள். டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த அவர், அறுந்தால் ஒழியக் கம்பி மாற்ற மாட்டார் என்பது பேஸ் கலைஞர்களிடையே பிரபலமான செய்தி. அவர் போட்டிருந்தது தட்டையாகச் சுற்றப்பட்ட ஃப்ளாட்வவுண்ட் கம்பி என்பதை அந்தச் செய்தியைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஃப்ளாட்வவுண்ட் பழகப் பழகக் கனியும், வருடக்கணக்கில் உழைக்கும். இன்று பெரும்பாலான பேஸ்களில் வருவது உருண்டை இழையால் சுற்றப்பட்ட ரவுண்ட்வவுண்ட். அதன் சுற்றுகளுக்கு இடையே வியர்வையும் அழுக்கும் சேரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த பருத்தித் துணியால் அடியிலிருந்து நுனிவரை துடைப்பதுதான் அதன் ஆயுளை நீட்டும். வெந்நீரில் கொதிக்க வைத்தால் பளீரென்ற ஒலி திரும்பும், ஆனால் வெகுநாள் நிற்காது. ஃப்ரெட் இல்லாத பேஸில் எஃகு ரவுண்ட்வவுண்ட் போட்டால் மரத்தை அரம் போலத் தேய்த்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளேயே பேட்டரியில் ஓடும் சிறு மின்சுற்று உள்ள ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரிக்குத் தனி சுவிட்ச் கிடையாது. கேபிளை பேஸில் செருகும்போதுதான் அந்தச் சுற்று மூடுகிறது. ஆம்பை அணைத்துவிட்டாலும், கேபிள் பேஸில் செருகியபடியே இருந்தால் பேட்டரி இரவெல்லாம் கரைந்துகொண்டிருக்கும். மறுநாள் கச்சேரியில் ஒலி கரகரத்துத் தேயும்போது பிக்கப்பைச் சந்தேகிப்பார்கள். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், பையில் ஒரு புதிய பேட்டரியும் இருக்கட்டும்.

மின்சாரத்தில் விளையாடாதீர்கள்

கிட்டார் ஆம்பில் பேஸை இணைத்து வாசித்தால் ஸ்பீக்கரின் கூம்பு தாங்கக்கூடிய தூரத்தைத் தாண்டி முன்னும் பின்னும் ஓடும். வீட்டில் மெல்ல வாசித்தால் ஒன்றும் ஆகாது, டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க முயன்றால் கிழிந்துவிடும். 100 வாட் ஆம்பை 200 ஆக்கினால் ஒலி இரட்டிப்பாகிவிடும் என்பதும் தவறான கணக்கு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை நல்ல கேபினட்டுக்கு, அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்கு, கொடுங்கள். 8 ஓம் கேபினட்டுகள் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம் ஆகும். ஆம்பின் பின்னால் குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால் மூன்றாவது கேபினட்டைச் சேர்க்கவே கூடாது. ஆம்பையும் கேபினட்டையும் இணைக்க பேஸுக்கான கேபிளைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய இழை அந்த மின்னோட்டத்துக்குச் சூடாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த ஆம்பை அப்படியே சுவரில் செருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்புறத்தில் வோல்ட் தேர்வு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் வாட்டுக்குப் போதுமான டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

இதையெல்லாம்விட ஆபத்தானது ஒன்று உண்டு. மேடையில் உறுமல் வருகிறது என்று பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடுவதும், மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகுவதும் கல்யாண மேடைகளில் இன்றும் நடக்கிறது. பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கசிவு ஏற்பட்டால் கம்பிகளிலேயே மின்சாரம் நிற்கும். அந்தக் கையோடு மைக்கில் உதடு பட்டால் சுற்று முடிந்துவிடும். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். குறிப்பிடத்தக்க வோல்ட் காட்டினால், யார் அவசரப்படுத்தினாலும் வாசிக்காதீர்கள். உறுமலைப் போக்க, பேஸை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது மிக்ஸருக்குப் போகும் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், மின்சாரத்தின் எர்த்தைத் தொடாது.

டபுள் பேஸ்

இங்கே விதிகளே வேறு. டபுள் பேஸை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பதில் கம்பிகளின் இழுவிசைக்குப் பெரிய பங்கு உண்டு. நான்கும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. பிரிட்ஜ் ஒட்டப்படவில்லை. உள்ளே, ஜி கம்பிப் பக்கத்துப் பிரிட்ஜ் காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரத்தூணும் ஒட்டப்படவில்லை. பேஸ் கிட்டாரில் செய்வதுபோல் நான்கு கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றித் துடைக்க நினைத்தால் உள்ளே டக்கென்று தூண் விழும் சத்தம் கேட்கும். அதை மறுபடி நிறுத்தத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஒரு கம்பியைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதி சேர்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

சுருதி கூட்டும் ஒவ்வொரு முறையும் கம்பிகள் பிரிட்ஜின் தலையைக் கழுத்துப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துச் செல்லும். பல வாரங்கள் கவனிக்காமல் விட்டால் பிரிட்ஜ் வில்லாக வளைந்துபோகும், ஒருநாள் சரிந்து மேல்பலகையில் மோதும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். கம்பிகள் கட்டப்பட்டிருக்கும் டெயில்பீஸைப் பார்க்கும் பிரிட்ஜின் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரு கைகளாலும் மேல்விளிம்பைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு நகர்த்துங்கள். கால்கள் பலகையில் முழுதாகப் பதிந்திருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் டபுள் பேஸ் வாங்குகிறவர் செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அதன் ஒலி அழகானது, மறுக்கவில்லை. ஆனால் கடற்கரை ஊரின் ஈரப்பதத்திலிருந்து வறண்ட ஏசி அறைக்கும், அங்கிருந்து திரும்பவும் வெளியேயும் போய்வரும் கருவியில் அந்தப் பலகை விரிந்து சுருங்கி வெடிக்கும். அடுக்குப் பலகையால் செய்தது இதை வெகுவாகத் தாங்கும். ஓரங்களில் ஒட்டு விட்டுவிட்டால் பதறாதீர்கள், வெள்ளைப் பசையையும் சூப்பர் பசையையும் ஊற்றவும் செய்யாதீர்கள். ஒட்டுவதற்கு விலங்குத் தோல் பசையைப் பயன்படுத்துவதே, அழுத்தம் வந்தால் பலகை பிளக்காமல் ஒட்டு விடட்டும் என்பதற்காகத்தான். வேறு பசை போட்டால் அடுத்த முறை பலகைதான் பிளக்கும்.

கம்பி வாங்கும்போது உறையைப் படியுங்கள். பெரியவர்கள் வாசிக்கும் டபுள் பேஸ்களில் பெரும்பாலானவை 3/4 அளவுதான், 4/4 கம்பி அதற்கு நீளமாக இருக்கும். சோலோ என்று எழுதிய கம்பிகள் ஒரு முழுச் சுரம் மேலே கூட்டுவதற்கானவை. வழக்கமான சுருதியில் வைத்தால் தளர்ந்து கிடக்கும். விரலால் மீட்டுவதற்கு நன்றாக இருக்கும் கம்பி வில்லுக்குப் பிடிகொடுக்காமல் போகலாம். இரண்டும் வாசிப்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வில்லின் முடியில் தேய்க்கும் பிசினாக வயலின் ரோசின் உதவாது, அது மிகவும் கடினம். மிருதுவான பேஸ் ரோசினோ சித்திரை மாதத்தில் டப்பாவிலேயே உருகிப் படர்ந்துவிடும், கொஞ்சம் கடினமான வகையைத் தேடுங்கள். வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்துங்கள்.

பிரிட்ஜில் பொருத்தி அதன் அதிர்வை உணரும் பியசோ பிக்கப்பை நேரடியாக மிக்ஸரில் செருகிவிட்டு, டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கிறது என்று பிக்கப்பைக் குறை சொல்கிறவர்கள் பலர். பியசோவுக்கு முன்னால் இருக்கும் உள்ளீட்டின் தடை குறைவாக இருந்தால் முதலில் தொலைவது கீழ்ச் சுரங்கள்தான். பல மிக்ஸர்களின் லைன் உள்ளீடு சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும். குறைந்தது 10 லட்சம் ஓம், முடிந்தால் ஒரு கோடி ஓம் உள்ளீடு கொண்ட, சிக்னலை முதலில் வலுப்படுத்தும் ப்ரீஆம்ப் ஒன்றை இடையில் வைத்தால், அதுவரை கேட்காத ஈ கம்பி கேட்கும். புதிய பிக்கப் வாங்கக் கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கீழே வைக்கும்போது டபுள் பேஸைப் பக்கவாட்டில், விலாப்பலகை தரையில் படும்படி படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்த பேஸ் வழுக்கி விழுந்தால் உடைவது கழுத்து. அந்தச் சரிசெய்தலுக்கு ஆகும் செலவு ஒரு மலிவான பேஸின் விலையைத் தொட்டுவிடும்.