குட்டைக் கரையை ஐப்பசிக்கு முன்னே பாருங்கள்

டெல்டாவில் மீன் குட்டையின் களிமண் கரை கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே மண்ணைத் தூவி மூடுவது கண்துடைப்பு. வெடிப்பைக் கொத்தித் திறந்து, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். நண்டு வளை, எலி வளைக்கும் இதே வைத்தியம்தான்.

வெளிச்சரிவில் கசிவு தெரிந்தால் நிறத்தைக் கவனியுங்கள். தெளிவாக வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது: நீர்மட்டத்தைக் குறையுங்கள். கசியும் வாயைக் களிமண்ணால் அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். மணலைக் கொட்டி, அதன்மேல் ஜல்லி போடுங்கள். தண்ணீர் வடியும், மண் நிற்கும்.

கலிங்கு, அதாவது மிகுதி நீர் வெளியேறும் வாய், கரை உச்சிக்கு ஒன்றரை அடியாவது கீழே இருக்கட்டும். மீன் தப்பாமலிருக்க அதில் வலை கட்டுவோர், மழை நாளில் குப்பையை அடிக்கடி வாராவிட்டால் கரைமேல் வழிந்து உடைப்பெடுக்கும். கரையில் தென்னை வேண்டாம், அருகம்புல் போதும்.