கொலைப் புதிர்ப் புத்தகம்: ஊகத்துக்கு டிக் போடாதீர்கள்

போன மாதம் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். பெட்டியில் துணியைவிடப் புத்தகம் அதிகம். அதில் ஒன்று கொலைப் புதிர்ப் புத்தகம். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு டிக் போடுவதும் ரப்பரால் தேய்ப்பதுமாக இருந்தவளை, தோசை வார்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் செய்த தப்புகளை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பது? அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வகைப் புத்தகத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கொலை. சந்தேகப்பட மூன்று நான்கு பேர், அதே எண்ணிக்கையில் ஆயுதங்கள், இடங்கள், கொஞ்சம் துப்புகள், கூடவே ஒரு கட்டம். ஒருவருக்கு ஓர் ஆயுதம், ஓர் இடம்தான். ஆமென்றால் டிக், இல்லையென்றால் இன்ட்டு. யார் எதை வைத்துக்கொண்டு எங்கே இருந்தார் என்று நிரப்பினால் கொலையாளி கிடைப்பார். இணையத்தில் தினம் ஒரு புதிராக ஆரம்பித்த 'மர்டில்' 2023-இல் புத்தகமாக வந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் விற்பனையில் முதலிடமே அதற்குத்தான். அதற்கப்புறம் அதைப் பார்த்துப் போட்ட புத்தகங்களும் ஏராளமாக வந்துவிட்டன.

பேனாவால் எழுதாதீர்கள், விடைப் பக்கத்தைப் புரட்டாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித் தெரிந்துகொள்ளும் வயதில் யாரும் இந்தப் புத்தகத்தை வாங்குவதில்லை.

ஆள் குறிப்பைத் தாண்டிப் போவது

மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. "ரொம்ப நல்லவரா வர்றாரே, அப்போ இவர்தான்" என்று மூன்றாம் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம். கட்டப் புதிரில் அது செல்லாது. அங்கே டாக்டரின் திமிரும் நடிகையின் கண்ணீரும் வெறும் வேடிக்கை. ஆனால் அந்த வேடிக்கைக்குக் கீழே பொடி எழுத்தில் உயரம், கண் நிறம், முடி நிறம், இடது கையா வலது கையா என்று ஒரு வரி இருக்கும். ஆயுதத்துக்கு எடையும், எதனால் செய்தது என்பதும் இருக்கும். இடம் வீட்டுக்குள்ளேயா வெளியேயா என்றும் போட்டிருப்பார்கள். பின்னால் ஒரு துப்பு "இடது கைக்காரர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். கதையை விட்டாலும் விடுங்கள், அந்த ஒரு வரியை விடாதீர்கள்.

ஊகத்துக்கு டிக் போடுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. என் மேலேயே வரும் எரிச்சல்தான்.

அக்கா மகள் அன்று போட்ட புதிரை, ஆட்களையும் பொருளையும் மாற்றிச் சொல்கிறேன். சந்தேக ஆட்கள் டாக்டர், நடிகை, கர்னல். ஆயுதங்கள் கத்தி, கயிறு, விஷம். இடங்கள் நூலகம், சமையலறை, மொட்டைமாடி. பிணம் கிடந்தது மொட்டைமாடியில். துப்புகள் ஐந்து:

கத்தி நூலகத்தில் இருந்தது. கயிறு சமையலறையில் இல்லை. கர்னல் மொட்டைமாடிக்குப் போகவில்லை. நடிகை கத்தியைத் தொடவில்லை. நூலகத்தில் இருந்தவர் இடது கைக்காரர்.

முதல் இரண்டு துப்புகளை அழகாகப் பிடித்துவிட்டாள். கத்தி நூலகத்தில், கயிறு சமையலறையில் இல்லை என்றால் மொட்டைமாடியில், மிச்சம் விஷம் சமையலறையில். சரி. மூன்றாவதுக்கு ஒரு இன்ட்டு, நாலாவதுக்கு ஒரு இன்ட்டு. அதற்குமேல் நகரவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். அப்புறம் டாக்டருக்கும் விஷத்துக்கும் நேராக ஒரு டிக் போட்டாள்.

"அது எப்படி?" என்றேன்.

"டாக்டர்னா விஷம்தானே சித்தி."

அந்த டிக் விழுந்ததும் எல்லாம் கடகடவென்று நிரம்பியது. டாக்டர் விஷத்தோடு சமையலறையில். கர்னலுக்கு மொட்டைமாடி கிடையாது, சமையலறையும் போய்விட்டது, அதனால் நூலகம், கத்தி. நடிகை கயிறோடு மொட்டைமாடியில். கொலையாளி நடிகை. விடைப் பக்கத்தைப் பார்த்தாள், நடிகையேதான். "கடைசித் துப்பு தேவையே படல சித்தி, சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருக்காங்க" என்று சிரித்தாள்.

எனக்குத் தோசை தீய்ந்துவிட்டது.

அந்தக் கடைசித் துப்புக்குத் திரும்பி வாருங்கள். ஆள் குறிப்பில் டாக்டரும் நடிகையும் இடது கை, கர்னல் வலது கை. அப்படியென்றால் கர்னல் நூலகத்தில் இல்லை. மொட்டைமாடியிலும் இல்லை. ஆக அவர் சமையலறையில், விஷத்தோடு. நடிகை கத்தியைத் தொடவில்லை, கத்தி இருந்தது நூலகத்தில், அதனால் நடிகைக்கு நூலகமும் இல்லை. அவள் மொட்டைமாடி, கயிறு. கத்தியோடு நூலகத்தில் இருந்தது டாக்டர். கொலையாளி அதே நடிகைதான். ஆனால் அக்கா மகளின் கட்டத்தில் மூன்று பேரில் இரண்டு பேர் தப்பான இடத்தில், தப்பான ஆயுதத்தோடு நிற்கிறார்கள். ஊகம் தப்பாகி, விடை மட்டும் சரியாக வந்துவிட்டால் அதைவிட ஆபத்து இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது. இந்த வழி பலிக்கிறது என்று மனசு குறித்து வைத்துக்கொள்ளும்.

இதற்கு நான் கொடுத்த விலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நாற்பது வழக்குகள் கொண்ட புத்தகம் ஒன்று வைத்திருந்தேன். கொலையாளியை மட்டுமல்ல, ஒவ்வொரு வழக்கிலும் யார் கையில் எது இருந்தது என்பதைத் தனியே எழுதிக்கொண்டே வர வேண்டும். கடைசி வழக்குக்கு அதுதான் சாவி. முப்பத்தொன்பது முடித்து நாற்பதாவதில் உட்கார்ந்தால் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. ஒரு ஞாயிறு பார்த்தேன், இரண்டாவது ஞாயிறும் பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு கோபம் வந்து, புதிரிலேயே பிழை என்று முடிவுகட்டி, என் கட்டத்தைப் படம் எடுத்துப் பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன். பத்து நாள் கழித்து மரியாதையாக ஒரு வரி பதில் வந்தது: ஒன்பதாவது வழக்கின் கடைசித் துப்பை இன்னொரு முறை பாருங்கள். எடுத்துப் பார்த்தேன். தோட்டக்காரருக்கு நேராக மண்வெட்டி என்று டிக் போட்டிருந்தேன். எந்தத் துப்பும் அப்படிச் சொல்லவில்லை. தோட்டக்காரர் என்றால் மண்வெட்டிதானே!

தப்பு நடந்தது ஒன்பதில், தெரிந்தது நாற்பதில். இடையில் அந்த டிக்கைச் சந்தேகப்படவே தோன்றவில்லை, ஏனென்றால் பக்கத்தில் இருந்த மற்ற டிக்குகளைப் போலவே அதுவும் இருந்தது. அதே பென்சில், அதே அழுத்தம். துப்பு சொன்னது எது, நான் நினைத்தது எது என்று காகிதத்துக்குத் தெரியாது. ஒரு வாரம் போனால் நமக்கும் தெரியாது.

அன்றிலிருந்து பச்சை நிறப் பென்சில் ஒன்று வைத்திருக்கிறேன். துப்பிலிருந்து வந்தது கறுப்பு, என் தலையிலிருந்து வந்தது பச்சை. ஊகம் செய்வதே பாவம் என்று சொல்ல வரவில்லை. கஷ்டமான புதிரில் அது நல்ல ஆயுதம். "டாக்டரிடம் விஷம் என்று வைத்துக்கொள்வோம்" என்று பச்சையில் போட்டு, மீதித் துப்புகளைக் கொண்டு அதை உடைக்கப் பாருங்கள். உடைந்தால் டாக்டரிடம் விஷம் இல்லை என்பது நிச்சயமாகிவிடும், அதைக் கறுப்பில் இன்ட்டு போடலாம். உடையவில்லை என்பதற்காகப் பச்சை கறுப்பாகிவிடாது. அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

இன்னொன்று. பெரும்பாலும் ஊகத்துக்குத் தேவையே இருக்காது, ஒரு படியை விட்டிருப்போம். கத்தியும் நூலகமும் ஒன்று என்று டிக் விழுந்தால், கத்திக்குப் போட்ட எல்லா இன்ட்டும் நூலகத்துக்கும் போக வேண்டும். நூலகத்தின் இன்ட்டு கத்திக்கு வர வேண்டும். நடிகை கத்தியைத் தொடவில்லை என்று குறித்த அக்கா மகள், நடிகை நூலகத்தில் இல்லை என்று குறிக்கவில்லை. சிக்கிக்கொண்டால் முதலில் இதைப் பாருங்கள். அப்புறம், பயன்படாமல் கிடக்கும் துப்பைப் பாருங்கள். ஒழுங்காகச் செய்த புதிரில் அலங்காரத் துப்பு இருப்பது அபூர்வம். இவள் கட்டத்தில் நாலாவதும் ஐந்தாவதும் இரண்டுமே சும்மா கிடந்தன.

பொய்யை அப்படியே புரட்டிப் போடுவது

பாதிப் புத்தகத்துக்கு மேல் வாக்குமூலங்கள் வர ஆரம்பிக்கும். கொலையாளி பொய் சொல்வார், மற்றவர்கள் உண்மை சொல்வார்கள் என்பது வழக்கமான விதி. எல்லாப் புத்தகத்திலும் இல்லை. கொலையே செய்யாத ஒருவர் பொய் சொல்லும் புத்தகங்களும் உண்டு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சமையல்காரர் சொல்கிறார்: "நான் சமையலறையில் இருந்தேன், என்னிடம் கயிறும் இருந்தது." இது பொய் என்று தெரிந்துவிட்டது. உடனே சமையலறைக்கு ஓர் இன்ட்டு, கயிறுக்கு ஓர் இன்ட்டு போடுகிறோம். தப்பு. இரண்டில் ஒன்று நடக்காமல் இருந்தாலே அவர் சொன்னது பொய்தான். அவர் சமையலறையில் கத்தியோடு நின்றிருக்கலாம். இதுவே "கயிறு என்னிடம் அல்லது கர்னலிடம் இருந்தது" என்று சொல்லி அது பொய்யானால், இரண்டு பேரிடமும் கயிறு இல்லை. 'உம்' போட்டுச் சொன்னால் ஒன்று பொய்யானாலே போதும். 'அல்லது' போட்டுச் சொன்னால் இரண்டும் பொய்யாக வேண்டும். இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தகும்.

மனசுக்குள் தமிழாக்கிப் படிப்பது

இந்தப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நாம் தமிழில் யோசிக்கிறோம். பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் 'கசின்' என்று வந்தவுடன் நம் தலைக்குள் அது அத்தை மகன் ஆகிவிடுகிறது. தமிழில் ஆணா பெண்ணா, அப்பா வழியா அம்மா வழியா என்று முடிவு செய்யாமல் உறவு சொல்லவே முடியாது. ஆங்கிலத்தில் முடியும், புதிர் எழுதுபவர் ஒளிந்துகொள்வதும் அந்தச் சந்தில்தான். 'பிரதர் இன் லா' மச்சானாகவும் இருக்கலாம், கொழுந்தனாராகவும் இருக்கலாம், சகலையாகவும் இருக்கலாம். ஆங்கிலச் சொல்லையே கட்டத்தில் எழுதி வையுங்கள், மாற்றாதீர்கள்.

அமெரிக்கப் புத்தகம் என்றால் இன்னும் இரண்டு பள்ளங்கள். அங்கே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்பது தரைத்தளம். 3/4 என்று தேதி போட்டால் மார்ச் 4, நம்மைப் போல ஏப்ரல் 3 அல்ல. ஒரு முழு மாதம் தள்ளி ஒருவனைக் கொலைகாரனாக்கியிருக்கிறேன்.

கூட்டமாக உட்கார்ந்து போடுவது

இரண்டு பேர் சரி. மூன்றாவது ஆள் காபி போடட்டும்.

பழைய வழக்குக் கோப்பு வாங்குவது

1936-இல் டென்னிஸ் வீட்லியும் ஜே.ஜி. லிங்க்ஸும் 'மர்டர் ஆஃப் மயாமி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புத்தகம் என்பதைவிடப் போலீஸ் கோப்பு என்று சொல்லலாம். தந்திகள், புகைப்படங்கள், நிஜமான முடி, எரிந்த தீக்குச்சி, கறை படிந்த திரைத் துணியில் ஒரு துண்டு எல்லாம் உள்ளேயே இருந்தன. விடை கடைசியில் ஒட்டி மூடியிருக்கும். 1939-க்குள் இன்னும் மூன்று வந்தன. பழைய பிரதி கிடைத்தால் விலை பேசும் முன், பொட்டலங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். முடி விழுந்துபோன கோப்பில் துப்பறிய முடியாது. மறுபதிப்பே போதும்.

முதல் புத்தகமாகவே 'கெய்ன்ஸ் ஜாபோன்'

2021-இல் டிக்டாக்கில் ஒரு காணொளி பரவியதிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேராக இதைத்தான் வாங்குகிறார்கள். 'அப்சர்வர்' பத்திரிகைக்கு 'டார்க்கமாடா' என்ற பெயரில் குறுக்கெழுத்து எழுதிவந்த எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் 1934-இல் போட்ட கதை. 100 பக்கம், வரிசை மாற்றி அச்சடித்திருக்கும். பக்கங்களைச் சரியாக அடுக்கி, செத்த ஆறு பேர் யார், கொன்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். நூறு பக்கங்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 158 இலக்க எண் ஒன்று வரும். அந்தக் காலத்தில் 15 பவுண்டு பரிசு, விடை சொன்னவர்கள் இரண்டே பேர். 2019-இல் மறுபதிப்பு வந்தபோது பரிசு 1,000 பவுண்டு. நகைச்சுவை எழுத்தாளர் ஜான் ஃபின்மோர் 2020-இல், ஊரடங்கு சமயத்தில், பிடித்துவிட்டார். விடை எங்கும் அச்சாகவில்லை, அதனால் எட்டிப் பார்க்கவும் வழியில்லை.

இதில் கட்டமும் இல்லை, எண் போட்ட துப்புகளும் இல்லை. வரிக்கு வரி ஆங்கிலக் கவிதையும் சிலேடையும்தான். ஐம்பது கட்டப் புதிராவது முடித்தவர்கள் வாங்கட்டும். வாங்கினாலும் முதல் நாளே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், நகல் எடுத்து அதை வெட்டுங்கள்.

அக்கா மகள் கிளம்பும்போது என் அலமாரியிலிருந்து அதைத்தான் கேட்டாள். கொடுக்கவில்லை. நாலு வருடத்தில் ஏழு பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்திருக்கிறேன். ஏழும் பச்சையில்தான்.